எலாடி தூக்கிய கை

அந்த நாற்காலி வேண்டாம் சார், கால் ஆடும். இதில் உட்காருங்க. இப்ப உள்ளே ஆடுறது மருந்துக் கம்பெனி ரெப்புங்க. வாரத்துல ஒரு சாயங்காலம் இந்த டர்ஃப் மைதானத்தை வாடகைக்கு எடுத்துக்குவாங்க. பாருங்க, பந்து எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமே எல்லாரும் போறாங்க. திருவிழாவுல தொலைஞ்ச குழந்தையைத் தேடுற மாதிரி. நான் ஒண்ணும் சொல்றதில்லை. விளக்கைப் போடுவேன், வலையில ஓட்டை விழுந்தா கட்டுவேன், நேரம் முடிஞ்சா விசில் அடிப்பேன். அவ்வளவுதான் என் வேலை.

எலாடியைப் பத்திக் கேட்கணும்னு ஃபோன்லயே சொல்லியிருந்தீங்கன்னா வர வேண்டாம்னு சொல்லியிருப்பேன். நீங்க "பழைய பிளேயர்ஸையெல்லாம் பார்க்கிறோம்"னு மட்டும்தான் சொன்னீங்க. சரி, ஒன்பது வருஷம் கழிச்சு நம்ம சென்னை கிளப்புல யாருக்கோ கிளீட்டஸ்னு ஒருத்தன் இருந்தது ஞாபகம் வந்திருக்குன்னு நினைச்சேன். என் வீட்டுக்காரி ஷெர்லின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தா.

நான் புரிஞ்சுக்கிட்டது சரியான்னு பாருங்க. இளையோர் அணிக்குப் பயிற்சியாளர் தேடுறீங்க. எலாடி ஸ்பெயின்லேருந்து அந்த வேலையைக் கேட்டிருக்கார். தான் வந்தா உதவியாளரா என்னைத்தான் வச்சுக்குவேன்னும் சொல்லியிருக்கார். கிளப் முதலாளிமாருக்கு அவர் மேல மரியாதை இருக்கு, ஆனா அந்த கோல் மட்டும் உறுத்துது. அன்னைக்கு அவர் பக்கத்துல நின்னவன் நான்தான். தப்பு அவர் மேல இல்லைன்னு நான் சொன்னா அவருக்கு வேலை, எனக்கும் வேலை. இவ்வளவுதானே?

சொல்றேன். ஆனா முதல்லேருந்து சொன்னாத்தான் விளங்கும்.

ஸ்பெயின்காரர் வர்றார்னு சொன்னதும் நாங்க டிவியில பார்த்த ஆட்களை நினைச்சுக்கிட்டோம். எங்க கோல்கீப்பர் இம்ரான், வாணியம்பாடிக்காரன், ஃபோன்ல தேடிப் பார்த்துட்டு வந்தான். "டேய் கிளீட்டஸ், இந்தாளு வாழ்க்கை முழுக்க ஆடி மூணே மூணு கோல்தான்டா. அதுலயும் ஒண்ணு சொந்த வலைக்குள்ள." ஹாஸ்டலே சிரிச்சது. நான் அவ்வளவா சிரிக்கலை. நானும் டிஃபெண்டர்தானே, கோல் விழாம தடுக்கிறவன். விழுந்த கோலுக்கு ஒரு பேர் இருக்கும். விழாத கோலுக்கு யார் பேரைப் போடுறது?

வந்து இறங்கினார். வயசு முப்பத்தேழு, முன்மண்டையில முடி இல்லை, வலது முட்டியில பெரிய தழும்பு. எலாடியோ கோவாஸ்னு பேர். எங்க வாயில அது எலாடி ஆயிடுச்சு. வடக்கு ஸ்பெயின்ல ஒரு துறைமுக ஊர். அவர் அப்பா மத்தி பிடிக்கிற படகுல போனவர். அந்த ஊர் கிளப்புலயே பொடிசுலேருந்து ஆடியிருக்கார். ரெண்டாம் டிவிஷன் கிளப். ஒரே ஒரு தடவை முதல் டிவிஷனுக்கு ஏறியிருக்காங்க, அடுத்த வருஷமே இறங்கிட்டாங்க. அந்த ஒரு வருஷத்துல உலகத்துல பேர் வாங்கின, கோல் போடுற ஃபார்வேர்டுங்க எல்லாரையும் இவர் ஒட்டி நின்னு மார்க் பண்ணியிருக்கார். "எப்படி இருந்தது?"ன்னு பஸ்ல வரும்போது கேட்டேன். "எல்லாருடைய முதுகும் எனக்கு நல்லாத் தெரியும்"னார். அவர் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் சேர்ந்தா ஒரு ஆளுக்குக் காணும். அதுக்குள்ளேயும் ஜோக் அடிப்பார்.

அப்புறம் முட்டி ஆபரேஷன். அது ஆறுறதுக்குள்ள ஊர் கிளப் வேற ஆளை எடுத்துடுச்சு. சைப்ரஸ்ல ஒரு கிளப்புக்குப் போனார், சம்பளம் ஒழுங்கா வரலை. அதுக்கப்புறம்தான் சென்னை. இதெல்லாம் அவர் வருத்தமாச் சொல்லலை. யாரோ அடுத்த வீட்டுக்காரர் கதையைச் சொல்ற மாதிரிச் சொன்னார்.

நல்ல மனுஷர் சார், அதுல மாற்றுக் கருத்தே இல்லை. மத்தியைப் பொரிச்சு வச்சா அவர் திங்கிறதைப் பார்க்கணும். கடற்கரையில பிறந்த நானே அசந்துட்டேன். ஒரு முள் உடையாம எலும்பைத் தனியா எடுத்து வச்சிடுவார், சீப்பு மாதிரி. நல்ல மனுஷர். ஆனா ஓட மாட்டார்.

அதுதான் எனக்கு முதல் வருத்தம். நான் ஓடுவேன், அவர் நிப்பார். மேட்ச் முடிஞ்சா என் ஜெர்சி சேத்துல புரண்ட மாதிரி இருக்கும். அவர் ஜெர்சி ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போட்டுட்டுப் போகலாம். சறுக்க மாட்டார், விழ மாட்டார். எங்கேயோ ஒரு இடத்துல சும்மா போய் நிப்பார். பந்து சொல்லி வச்ச மாதிரி அங்கேயே வரும். சிலருக்கு அப்படி ஒரு ராசி சார். ஒவ்வொரு மேட்ச்லயும் அந்த ராசி இருந்தது, அதான் எனக்கு ஆச்சரியம்.

என்னப்பா? கையில பட்டுச்சா? எனக்கென்ன தெரியும், நான் இவரோட பேசிட்டிருக்கேன். பெனால்டியா? உங்களுக்குள்ள பேசித் தீர்த்துக்கோங்க. "அண்ணே, நீங்க இந்தியா டீம் கேம்ப் வரைக்கும் போனவரு, நீங்க சொன்னாக் கேட்போம்"கிறான் பாருங்க. ஜெயிக்கணும்னா மட்டும் இந்தியா கேம்ப் ஞாபகம் வரும் இவனுங்களுக்கு.

எங்கே விட்டேன்? ஆங், நிக்கிறது.

நான் செவன்ஸ்லேருந்து வந்தவன் சார். எங்க ஊர் கேரளா எல்லைக்கு முந்தின கடற்கரை. அங்கே பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுற ஆட்டம்தான் ஆட்டம். சின்ன மைதானம், சுத்தி மூங்கில் கேலரி, மைக்குல ஒருத்தன் தொண்டை கிழியக் கத்துவான். செவன்ஸ்ல எங்க பக்கம் ஆஃப்சைடு கிடையாது. எதிராளி உங்க கோலிக்குப் பக்கத்துலயே வந்து நின்னு பேசிட்டிருக்கலாம், யாரும் கேட்க முடியாது. அதனால கடைசி ஆள்னு ஒருத்தன் இருப்பான். எல்லாருக்கும் பின்னால, கோலிக்கு முன்னால. எங்க அப்பா கடைசி ஆள். அப்புறம் நான். "லேய் மக்கா, முன்னால என்னவும் நடக்கட்டும், உனக்குப் பொறத்தால ஒருத்தனும் இருக்கப்பிடாது." அப்பா எனக்குச் சொன்னது இது ஒண்ணுதான். கடைசி ஆள் இடத்தை விட்டு ஏறிப் போய் கோல் விழுந்துச்சுன்னா, அன்னைக்கு அவன் ரோட்டு வழியா வீட்டுக்குப் போக மாட்டான். கடலோரமா மணல்ல நடந்து போவான். யாரும் சட்டம் போடலை. ரோட்டுல டீக்கடைங்க இருக்கு, அவ்வளவுதான். எங்க அப்பா ஒரு தடவை அப்படி நடந்து வந்தார். வாசல்ல கால் கழுவிட்டு, சாப்பிடாம படுத்துட்டார்.

பதினொரு பேர் ஆட்டம் வேற. உங்களுக்குத் தெரியும்தான், இருந்தாலும் சொல்றேன். பந்தை அடிக்கிற அந்த நொடியில, கடைசி டிஃபெண்டரையும் தாண்டி எதிராளி நின்னா ஆஃப்சைடு, கோல் செல்லாது. அதனால நாலு டிஃபெண்டரும் ஒரே நேரத்துல ஒரு எட்டு முன்னால ஏறினாப் போதும், அவன் தானா மாட்டிக்குவான். ஓட வேண்டாம், இடிக்க வேண்டாம். ஆனா நாலு பேரும் ஏறணும். ஒருத்தன் பின்னால நின்னாலும் போச்சு, எதிராளி சட்டப்படி சரியான இடத்துல இருக்கான்னு ஆயிடும். லைன்ஸ்மேன் கொடி தூக்க மாட்டான். சின்னப் பையனுக்குக்கூடப் புரியும்.

எலாடி ஆட்டம் முழுக்க அதுதான். ஏறு, ஏறு, ஏறு. நான் பழக்கத்துல பின்னால வந்துடுவேன். அவர் என்ன பண்ணினார் தெரியுமா? ஒரு நாள் பிராக்டீஸுக்குக் கயிறோட வந்தார். நாலு பேர் இடுப்பையும் ஒரே கயித்துல வரிசையாக் கட்டினார். ஒருத்தன் பின்னால போனா மத்த மூணு பேரும் இழுபடுவாங்க. சுத்தி நின்னவன்லாம் சிரிக்கிறான். இம்ரான், "கிளீட்டஸு, மாட்டுச் சந்தைக்கா?"ங்கிறான். எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் கடல்காரன் மகன் சார். எனக்கே முடிச்சுப் போடுறதா? பார்த்தா இறுகின மாதிரியே இருக்கும், இழுத்தா நெகிழும், அப்படி ஒரு முடிச்சு எங்களுக்குத் தெரியும். அவர் அந்தப் பக்கம் திரும்பினதும் மாத்திக் கட்டிக்கிட்டேன். அந்த சீசன் முழுக்க அவர் கயிறு கட்டினார். ஒரு நாளும் அது என்னை இழுக்கலை. எவ்வளவு சாமர்த்தியமா ஏமாத்தினேன்னு இன்னைக்கும் நினைச்சுச் சிரிச்சுக்குவேன்.

கயிறு பத்தாதுன்னு தமிழ் வேற. "முன்னால வான்னு உங்க ஊர்ல எப்படிச் சொல்வாங்க?"ன்னு என்கிட்ட கேட்டார். 'ஏறு'ன்னு சொல்லிக் கொடுத்தேன். அப்புறம் மேட்ச்ல அவர் "ஏரு, ஏரு"ன்னு கத்துறதைக் கேட்டு கேலரி முழுக்கக் கத்த ஆரம்பிச்சது. அவர் வாயில றகரம் வரலை, ஆனா சத்தம் வந்தது. அந்த வருஷம் லீக்ல எங்களை விடக் குறைச்சலா கோல் வாங்கின டீம் கிடையாது. பேப்பர்ல 'எலாடியின் சுவர்'னு கொட்டை எழுத்துல போட்டான். சுவர்னா ஒரு ஆளா சார்? பாதிச் சுவர் நான். பாதிச் சுவரைப் பத்தி ஒருத்தனாவது ஒரு வரி எழுதினானா?

சரி. அந்த மேட்ச்.

செமிஃபைனல். கோவா டீமோட. சென்னையில நடந்தது. ரெண்டு பக்கமும் கோல் இல்லை, ஆட்டம் முடியப் போகுது. எங்க ஆளுங்க எல்லாரும் களைச்சுப் போயாச்சு. அவங்க பக்கத்துலேருந்து ஒருத்தன் தலையைத் தூக்கிப் பார்த்தான். நீளமா அடிக்கப் போறான்னு எனக்குத் தெரிஞ்சுடுச்சு. என் பக்கத்துல அவங்க ஃபார்வேர்டு, சின்ன உடம்பு, வழுக்கிட்டுப் போற ஆள். அந்தப் பக்கம் எலாடி ஏறினார். அவரோட மத்த ரெண்டு பேரும் ஏறினாங்க. நான் என்ன பண்ணுவேன்? முப்பதாயிரம் பேர் கத்துறாங்க, ஃபார்வேர்டு திரும்பிட்டான், எனக்குப் பின்னால இம்ரான் மட்டும்தான். கால் தானா ரெண்டு எட்டு பின்னால வந்துடுச்சு. வராதா? வரத்தானே செய்யும்?

பந்து தலைக்கு மேல போச்சு. அவன் பிச்சுக்கிட்டு ஓடினான். கொடி ஏறலை. நான் திரும்பிப் பார்த்தா, எலாடி ஆஃப்சைடு கேட்டுக் கையைத் தூக்கிட்டு நிக்கிறார். அப்படியே நிக்கிறார் சார். நான் ஒருத்தன்தான் ஓடினேன். மைதானத்துல இருந்த எங்க ஆளுங்கள்ல நான் ஒருத்தன்தான். கோலுக்கு முன்னால பாக்ஸுக்குள்ள போய்ச் சறுக்கினேன், பந்து என் ஷூ நுனியில பட்டுட்டு உள்ளே போச்சு. தொடையில தோல் போன தழும்பு இன்னும் இருக்கு, வேணும்னா காட்டுறேன்.

அவர் 'ஏரு'ன்னு கத்தியிருக்கலாம். தினமும் கத்துற மனுஷர் அன்னைக்குக் கத்தலை. என்னது? இம்ரான் சொன்னானா? கத்தினார்னு சொன்னானா? அவனையும் பார்த்துட்டுத்தான் வர்றீங்களா? அவன் எனக்கும் பின்னால, கோல் போஸ்ட்டுக்கிட்ட நின்னான். அவனுக்குக் கேட்டதாம், அவருக்குப் பக்கத்துல நின்ன எனக்குக் கேட்கலையாம். நல்லா இருக்கு கதை.

அந்த ஃபோனை உள்ளே வைங்க சார். பார்த்திருக்கேன். குறுக்கே மஞ்சள் கோடு போட்ட படம்தானே? மத்த மூணு பேர் நிக்கிற அந்தக் கோட்டுக்குப் பின்னால என் கால் தெரியும், அந்த ஃபார்வேர்டு எனக்கு முன்னால இருப்பான். ஓடப் போறவன் கால் பின்னாலதான் சார் இருக்கும். நிறுத்தி வச்ச படத்துல பார்த்தா யார் வேணும்னாலும் குத்தவாளிதான். உங்களையும் என்னையும் இப்ப இங்கே ஒரு படம் எடுத்துப் பார்த்தா, நீங்க என்னை விசாரிக்கிற மாதிரித்தான் தெரியும். அப்படியா என்ன?

ஜனங்க பார்த்தது அந்தப் படத்தை இல்லை. அவர் கையைத் தூக்கிட்டு நிக்கிறதையும் நான் ஓடுறதையும்தான். 'பெரியவர் டவுன் பஸ்ஸுக்குக் கை காட்டுறார்'னு ஃபோனுக்கு ஃபோன் சுத்துச்சு. அதுல எனக்குச் சம்பந்தம் இல்லை. நான் யாருக்கும் அனுப்பலை. வந்ததைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

டிரெஸ்ஸிங் ரூமுக்கு வந்தோம். எலாடி என் பக்கத்துல வந்து உட்கார்ந்தார். என் கணுக்கால்ல சுத்தியிருந்த டேப்பைப் பிரிச்சு விட்டார். எனக்குக் குனிய முடியலை. அப்புறம் எழுந்து பத்திரிகைக்காரங்களைப் பார்க்கப் போனார். அங்கே என்ன சொன்னார்னு எல்லாருக்கும் தெரியும். "என் தப்பு. லைனைப் பார்த்துக்க வேண்டியவன் நான். கிளீட்டஸ் மட்டும்தான் கடைசி வரைக்கும் ஓடினான்." அவரே சொன்னார். யாரும் சொல்லச் சொல்லலை.

இன்னொரு வருஷம் ஆடணும்னு அவருக்கு ஆசை இருந்தது. கிளப் வேண்டாம்னுட்டாங்க. ஊருக்குக் கிளம்புற அன்னைக்கு ஹாஸ்டலுக்கு வந்தாராம். நான் குளிச்சிட்டிருந்தேன். குழாயைத் திறந்து விட்டா கதவு தட்டுறது கேட்காது சார். அவரும் கொஞ்ச நேரம் நின்னிருக்கார் போல. வெளியே வந்தப்ப வராந்தாவுல யாரும் இல்லை. அதோட அவர் ஆட்டமும் முடிஞ்சது. அப்புறம் எங்கேயும் ஆடலை.

அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் என்னை இந்தியா கேம்ப்புக்குக் கூப்பிட்டாங்க. கிளப்பும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கிட்டது. ஆனா நேரம் பாருங்க, அடுத்த சீசன்ல என் பக்கத்துல போட்ட பிரேசில்காரன் சரியில்லை. நான் எங்கே நிக்கிறேனோ அங்கே பந்து வரவே மாட்டேங்குது. சல்லடை மாதிரி கோல் வாங்கினோம். அவனை மாத்தி வேற ஆளைப் போட்டாங்க, அவனும் சரியில்லை. அப்புறம் என்னையே வெளியில உட்கார வச்சுட்டாங்க. கேம்ப்புலயும் ரெண்டு நாள் பார்த்துட்டு அனுப்பிட்டாங்க. திரும்பவும் செவன்ஸ். அப்புறம் என் முட்டியும் போச்சு. அப்புறம் இந்த டர்ஃப்.

ஷெர்லினுக்கு எலாடின்னா பெரிய அபிமானம். கல்யாண ஆல்பத்துல நான் அவரோட நின்ன படத்தை முதல் பக்கத்துலயே ஒட்டி வச்சிருக்கா. கிறிஸ்மஸ் வந்தா அவர்கிட்டேருந்து ஃபோன்ல ஒரு வாழ்த்து வரும், வருஷம் தவறாம. ஸ்பானிஷ்ல இருக்கும், நான் என்னத்தைப் பதில் போட? போன தடவை ஷெர்லின் கேட்கிறா, "அந்த மனுஷன் அவ்வளவு தூரத்துல இருந்து நெனச்சி அனுப்புதாரு. ஒரு கட்டைவிரலு போடுததுக்கு உங்களுக்கு வெரலு வலிக்கோ?" அவளுக்கென்ன தெரியும். நீங்க இன்னைக்கு வந்த விஷயம் தெரிஞ்சா, என்னைக் கேட்காமலே தலையாட்டிடுவா. "சென்னைக்குப் போலாம், பிள்ளையள நல்ல ஸ்கூல்ல சேக்கலாம்"னுவா. இந்த டர்ஃப் முதலாளி அடுத்த வருஷம் இதை இடிச்சுட்டுக் கல்யாண மண்டபம் கட்டப் போறார். அதுவும் அவளுக்குத் தெரியும்.

எனக்கும் ஆசை இல்லாம இல்லை. நாலு டிஃபெண்டர் பயல்களை என்கிட்ட விடுங்க, எப்படி நிக்கணும், எப்ப ஏறணும், எல்லாம் எனக்கு அத்துப்படி. எலாடிகிட்ட நான் கத்துக்கிட்டேன்னு யாரும் சொல்லிடக் கூடாது. பக்கத்துல நின்னா தானா வந்துடும், அவ்வளவுதான்.

சரி, கேளுங்க. நேராவே கேளுங்க.

அவர் கை தூக்கினது சரியா தப்பான்னா... சரிதான் சார். அவர் கணக்குப்படி சரி. நாலு பேரும் ஏறியிருந்தா ஆஃப்சைடு. மறுக்கலை.

ஆனா நான் பின்னால வந்ததும் சரி. பின்னால வந்ததாலதானே ஓட முடிஞ்சது? ஓடினதாலதானே பந்துல கால் பட்டுச்சு?

ரெண்டும் சரின்னா கோல் எப்படி விழுந்ததுங்கிறீங்க. அது எப்படி எனக்குத் தெரியும்? விழுந்துச்சு.

முதலாளிமார் அப்படிச் சொன்னா ஏத்துக்க மாட்டாங்களா. ஒரு பக்கம்தான் சொல்லணுமா. அவர் மேல தப்பில்லைன்னு நான் சொன்னாப் போதும், என் மேல தப்புன்னு சொல்ல வேண்டாம்கிறீங்க. அது எப்படி சார்? அவர் மேல இல்லைன்னா அப்புறம் அது எங்கே போகும்? அங்கே ரெண்டே பேர்தானே நின்னோம். எங்க அப்பா இன்னும் உயிரோட இருக்கார். டீக்கடைக்குத் தினமும் காலையில போய் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். 'என் மகன் மட்டுந்தான்லே ஓடுனான்'னு ஒன்பது வருஷமா அதே பெஞ்சுல உட்கார்ந்து சொல்லிட்டிருக்கார்.

வேலை போகும்னா போகட்டும். அவருக்கும் கிடைக்காதுங்கிறீங்க. அதுக்கு நான் என்ன சார் செய்ய முடியும்? அவரைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொன்னேனா? இவ்வளவு நேரத்துல சொன்னேனா? நல்லவர்னுதானே சொன்னேன். அதைப் போய்ச் சொல்லுங்க.

அந்த கோலைப் பத்திக் கேட்டாங்கன்னா, அன்னைக்கு எல்லார் முன்னாலயும் அவர் தன் வாயால என்ன சொன்னாரோ அதையே சொல்லுங்க. நான் சொன்னதா வேண்டாம். அவர் சொன்னதாவே இருக்கட்டும். பெரிய மனுஷர் சார், அவர் பொய் சொல்ல மாட்டார்.